வான் சிங்குக்குக் கீழே எல்போ ஒழுகுகிறது, மோட்டர் ஓடும்போது மட்டும்

கோண்டாவில் வான்காரன் கேட்டது:

வணக்கம். பழைய ஹயஸ் வான் ஒன்றின் பின்பக்கத்தைப் படுத்து எழும்பக் கூடியதாக மாற்றி வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தங்களை ஏற்றிக்கொண்டு மணற்காடு, மன்னார் என்று போய் வருவோம். உள்ளே ஒரு சின்ன சிங்க், 40 லீற்றர் தாங்கி, 12 வோல்ட் தண்ணீர் மோட்டர். பைப்பும், அதை மூலையில் திருப்பி இணைக்கிற எல்போக்களும் மச்சான் லண்டனில் இருந்து கொண்டுவந்த செற். 12 மில்லிமீற்றர் பைப், பசை இல்லாமல் கையால் தள்ளிப் பூட்டுகிற வகை. பொருத்தித் தந்தது இங்குள்ள ஒரு கராச்.

இப்போது சிங்குக்குக் கீழே உள்ள எல்போவில் ஒழுக்கு. மோட்டர் ஓடும்போது சொட்டுச் சொட்டாக வரும், நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இரவில் குழாய் பூட்டியிருக்கவே மோட்டர் தானாக ஒரு தரம் உறுமிவிட்டு நிற்கிறது. பிள்ளைகள் பேய் என்கிறார்கள். பிளைவூட் தரை ஊறத் தொடங்கிவிட்டது.

ஹாட்வெயார் கடையில் எல்போவின் படத்தைக் காட்டினேன். அரை அங்குல எஸ்லோன் (பிவிசி) எல்போவை எடுத்துத் தந்து, "இதைப் போடுங்கோ, சரிவரும்" என்றார். அதற்குள் என்னுடைய பைப் கடகடவென்று ஆடும். சனிக்கிழமை கசூரினா கடற்கரைக்குப் போவதாக எல்லாருக்கும் சொல்லியாயிற்று. என்ன செய்யலாம்?

மானிப்பாய் பொடியன்:

அண்ணை, எம்சீல் களிப்பசையைக் குழைத்து எல்போவைச் சுற்றி அப்பிவிடுங்கோ. ஒரு இரவு காயவிட்டால் கல்லு மாதிரி நிற்கும். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றுங்கோ. எங்கட அப்பா அப்படித்தான் தோட்டத்துப் பைப் முழுவதையும் வைத்திருக்கிறார்.

சுன்னாகம் பைப்வேலை:

ரியூப் சுற்றுவது வெடித்த பைப்புக்கு நல்ல வைத்தியம், அதைப் பகிடி பண்ண மாட்டேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணம் அந்த ரியூப்பிலேதான் ஓடியது. ஆனால் இது வெடிப்பு இல்லை. தள்ளிப் பூட்டுகிற எல்போவில் தண்ணீரை மறிப்பது உள்ளே இருக்கிற ஒரு றப்பர் வளையம் மட்டும்தான். வெளியே எதை அப்பினாலும் தண்ணீர் வாய்ப்பக்கத்தால் வழி கண்டுபிடிக்கும். எம்சீல் போட்டால் பிறகு கழற்றவும் ஏலாது. எஸ்லோன் பசையும் வேண்டாம். அது பிவிசியைக் கரைத்து ஒட்டுவது, உம்முடைய பைப் பொலித்தீன் இனம், அதில் பிடிக்காது. ரெப்லோன் ரேப் திருகுப் புரிக்குச் சுற்றுவது, அந்த வாயில் புரியே கிடையாது.

தம்பி, கழற்ற முதல் ஒழுக்கு எங்கே தொடங்குகிறது என்று பாரும். தண்ணீர் பைப்பின் மேலாலே வழிந்துவந்து பதிவான இடத்தில்தான் சொட்டும். எல்லாவற்றையும் துணியால் உலரத் துடைத்துவிட்டு மோட்டரைப் போடும். மேலே இருந்து தொடங்கி ஒவ்வொரு பூட்டிலும் ரிசு பேப்பரைச் சுற்றிப் பிடியும். முதலில் எது நனைகிறதோ அதுதான் கள்ளன். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்து வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, மெல்லக் கசிந்து காய்கிற இடத்திலும் அப்படி ஒரு வெள்ளை வளையம் விட்டிருக்கும். ரோர்ச் அடித்தால் தெரியும்.

இரவில் உறுமுவது பேய் இல்லை. அந்த மோட்டரில் அமுக்கத்தைப் பார்க்கிற சுவிச் ஒன்று இருக்கிறது. குழாயைப் பூட்டினால் அமுக்கம் ஏறி மோட்டர் நிற்கும், எங்கேயாவது கசிந்து அமுக்கம் இறங்கினால் திரும்ப ஓடும். ஆனால் மோட்டருக்குள்ளே இருக்கிற வால்வு பழுதானாலும் இதே கூத்துத்தான். மோட்டருக்கு அடுத்ததாக ஒரு வால்வு இருந்தால் அதைப் பூட்டிப் பாரும். பூட்டிய பிறகும் ஓடினால் மோட்டரிலும் குற்றம் இருக்கிறது.

இன்னொன்று, வானில் பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதை நிறுத்தும். 12 வோல்ட் ஆளுக்கு ஷாக் அடிக்காது. அதில் இருந்து வருகிற 230 வோல்ட் ஈரத் தரையில் விளையாட்டில்லை.

கொக்குவில் பில்டர்காரன்:

ஐயா சொன்னது சரி. நான் வீடுகளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் பில்டர் பூட்டுகிறவன். எங்கள் வெள்ளை ரியூப்புக்கும் இதே பூட்டுத்தான். ஆனால் எங்களிடம் இருப்பது கால் அங்குலமும் மூன்றெட்டு (3/8) அங்குலமும். மூன்றெட்டு என்பது 9.5 மில்லிமீற்றர், உங்களுடைய 12க்குச் சேராது. பில்டர் கடையில் கேட்டு அலைய வேண்டாம்.

கொம்பிரசர் சாமான் விற்கிற கடைகளில் காற்றுக் குழாய்க்கான 12 மில்லிமீற்றர் எல்போ கிடைக்கும். அளவு பொருந்தும். அவசரத்துக்குப் போடலாம், ஆனால் அவை குடிதண்ணீருக்கென்று செய்தவை இல்லை. போட்டால் அந்தத் தண்ணீரில் பாத்திரம் மட்டும் கழுவுங்கோ.

கழற்றத் தெரியுமா? அமுக்கத்தை இறக்கிவிட்டு, எல்போ வாயில் இருக்கிற சின்ன வளையத்தை உள்ளே அமத்திப் பிடித்துக்கொண்டு பைப்பை இழுக்க வேண்டும். அமத்தாமல் இழுத்தால் உள்ளே இருக்கிற உருக்குப் பற்கள் இன்னும் கடிக்கும். பைப் நுனியைப் படம் எடுத்துப் போடுங்கோ.

கோண்டாவில் வான்காரன்:

பேப்பர் வைத்துப் பார்த்தேன். எல்போவின் மேல் வாய்தான், வெள்ளை வளையமும் அங்கேதான். மோட்டருக்குப் பிறகு வால்வைப் பூட்டினால் மோட்டர் சத்தமே இல்லை, ஆகவே மோட்டர் நல்லது.

கழற்றினால் பைப் நுனி சரிவாக வெட்டப்பட்டிருக்கிறது. கரடுமுரடாகப் பிசிறும் நிற்கிறது, ஹக்சோவால் அறுத்த மாதிரி. கீழ் வாயில் இருந்த பைப்புக்குள்ளே ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குழல் செருகியிருக்கிறது, மேல் பைப்பில் அது இல்லை. றப்பர் வளையத்தில் ஒரு சின்னக் கீறல். எல்போவை விட்டதும் மேல் பைப் ஒரு பக்கமாகத் துள்ளிப் போய் நின்றது.

சுன்னாகம் பைப்வேலை:

எல்லாம் விளங்கிவிட்டது. பிசிறு நிற்கிற பைப்பைத் தள்ளினால் அது றப்பரைக் கீறிக்கொண்டுதான் போகும். அந்தச் சின்னக் குழல் பைப் நசுங்காமல் வட்டமாக நிற்பதற்கு. அது இல்லாவிட்டால் சூட்டில் பைப் இளகி, றப்பர் பிடி விட்டுவிடும். சித்திரை வெயிலில் பூட்டி விட்ட வானுக்குள்ளே எவ்வளவு சூடு என்று உமக்கே தெரியும்.

பைப் துள்ளியது அதைவிட முக்கியம். எல்போ பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு மேலே ரோட்டுக் குலுக்கல். புது எல்போ போட்டாலும் இதே இழுவை இருந்தால் திரும்ப ஒழுகும்.

நுனியில் பற்கள் கடித்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்பின் மேலே றப்பர் இருந்தால் பிடிக்காது. தழும்பு முழுவதும் போக, ஒரு 2 சென்றிமீற்றர் நேராக வெட்டும். பைப் வெட்டுகிற கத்தரிக்கோல் இல்லாவிட்டால் புது பிளேட்டால் சுற்றிவரக் கோடு போட்டு வெட்டலாம்.

கோண்டாவில் வான்காரன்:

அங்கேதான் பிரச்சினை ஐயா. இப்போதே இழுத்துப் பிடித்துப் பூட்டியிருக்கிறார்கள். 2 சென்றிமீற்றர் வெட்டினால் எட்டாது. செற்றில் ஒரு மீற்றர் அளவு பைப் மிச்சம் கிடக்கிறது, இணைக்கிற சொக்கற் இல்லை. எல்போவில் கீறின றப்பருக்கு மாற்றும் இல்லை.

சுன்னாகம் பைப்வேலை:

மிச்சப் பைப் இருந்தால் எல்போ எதற்கு? மோட்டரில் இருந்து சிங்க் குழாயின் வால் வரைக்கும் ஒரே துண்டாக விடும். அந்தப் பைப் வளையும். வளைவை மட்டும் ஒடுக்கி மடிக்கக் கூடாது. நான் 10 சென்றிமீற்றர் ஆரைக்குக் கீழே வளைப்பதில்லை. சிங்குக்குக் கீழே அவ்வளவு இடம் இருக்குமே. இரண்டு வாய் உள்ள எல்போ போய்விட்டால் ஒழுகுவதற்கு இரண்டு இடமும் போய்விடும்.

நீளத்தைக் கணக்காக வெட்டாமல் கொஞ்சம் தளர்வு விடும். இந்த இனப் பைப் சூட்டுக்கு நல்லா நீளும். 2 மீற்றர் பைப் 20 பாகை சூடு ஏறினால் 6, 7 மில்லிமீற்றர் நீண்டு திரும்பச் சுருங்கும். இறுக்கிக் கட்டினால் அந்த இழுபறி முழுக்கப் பூட்டில்தான் விழும். கிளிப் அடிக்கும்போது பைப் வழுக்கி ஓட இடம் விட்டு அடியும்.

தள்ள முதல் வாயின் ஆழத்தை வெளியே அளந்து பைப்பில் பேனாவால் கோடு போடும். கோடு வாய்க்குள் மறையும் வரை தள்ள வேண்டும், அரைவாசியில் நின்றாலும் கை இழுவைக்குப் பிடித்த மாதிரித்தான் இருக்கும். தள்ளக் கஷ்டமாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தள்ளும். கிறீஸ், வாசலின் வேண்டாம், எண்ணெய்ச் சாமான் அந்த றப்பரை ஊதவைக்கலாம். எல்போவின் கீழ்ப் பைப்பில் இருந்த சின்னக் குழலைக் கழற்றிப் புதுத் துண்டுக்குப் போட மறக்க வேண்டாம்.

கிளிநொச்சி ட்றைவர்:

குழாய் வாலில் இருக்கிற பிளாஸ்ரிக் நட்டை ஸ்பானர் போட்டு நெரிக்க வேண்டாம் அண்ணை. உள்ளே தட்டை வாசர் இருந்தால் கையால் இறுக்கி, அதற்கு மேலே கால் சுற்று போதும். நெரித்து வெடிக்கவைத்த ஆட்களை ஏ9 வீதி முழுக்கக் கண்டிருக்கிறேன்.

கோண்டாவில் வான்காரன்:

ஒரே துண்டாக விட்டாயிற்று. எல்போ இப்போது சாமான் பெட்டிக்குள். மோட்டரைப் போட்டு, குழாயைப் பூட்டி, இரவு முழுக்க அப்படியே விட்டேன். ஒரு தரமும் உறுமவில்லை. காலையில் பேப்பர் உலர்ந்து கிடந்தது. ஐயாவுக்கும் எல்லாருக்கும் நன்றி.

பிளைவூட்டுக்கு என்ன செய்வது? ஒரு மூலை கறுத்து உப்பியிருக்கிறது.

சுன்னாகம் பைப்வேலை:

மேலே இருக்கிற லினோலியத்தைக் கிளப்பி, கதவைத் திறந்து வெயிலில் காயவிடும். ஸ்குரூட்ரைவர் நுனியால் குத்திப் பாரும். மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஈரம் தாங்குகிற மரைன் பிளை போடும். கெட்டியாக இருந்தால் காய்ந்த பிறகு வார்னிஷ் இரண்டு பூச்சு. ஈரம் இருக்கும்போது லினோலியத்தைத் திரும்ப ஒட்டிவிடாதையும்.