அம்மாவுக்குக் கால் அறுவை சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வலது கால் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கமாக வளைந்து, அதன் அடியில் எலும்பு புடைத்துவிட்டது. செருப்பே போட முடியாத வலி. அடுத்த மாதம் எலும்பை வெட்டி நேராக்கி, திருகு வைத்துப் பொருத்தப் போகிறார்கள். எலும்பு ஒன்றுசேர ஏறக்குறைய 6 வாரம் ஆகும், அதுவரை முன்பாதத்தில் எடை விழக்கூடாது என்று டாக்டர் சொன்னார். வீக்கம் முழுதாக வடியப் பல மாதம்கூட ஆகலாமாம்.

எனக்குப் பெரிய கவலை நடமாட்டம்தான். அம்மாவுக்கு மணிக்கட்டில் மூட்டுவாதம் இருக்கிறது, ஊன்றுகோலை அழுத்திப் பிடிக்க முடியாது. முழங்காலை மடக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டி வயதானவர்களுக்குச் சரிவருமா, இல்லை முழங்கைத் தாங்கி வைத்த வாக்கர் நல்லதா? எதுவானாலும் முன்கூட்டியே வாங்கிப் பழக்கிவிட நினைக்கிறேன்.

குளியலறைக்கு ஸ்டூல், கைப்பிடி, கட்டு நனையாமல் இருக்க உறை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். ஆனால் இரவில் கழிப்பறைக்குப் போவதை எப்படிச் சமாளித்தீர்கள்? காலை இதயத்தைவிட உயரமாக வைத்துத் தூங்கச் சொல்கிறார்கள், தலையணை நழுவாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

அப்புறம், மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணியும்போது வலி சட்டென்று ஏறும் என்று கேள்விப்பட்டேன். அந்த முதல் இரவைத் தாண்டியவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள். கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ வந்தால் இரத்த உறைவாக இருக்கலாம், உடனே வரவேண்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள். இதைத் தவிர டாக்டரிடம் முன்பே கேட்டுவைக்க வேண்டியது வேறு என்ன?