பகா எண்ணின் கடைசியில் நான்கு பூஜ்ஜியம்! எங்கே தப்பு?

முருகேஷ்பாளையா அப்பா:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. 2^61 − 1 ஒரு பகா எண் என்று சார்ட் போடுகிறாள். நான்தான் ஸ்பிரெட்ஷீட்டில் கணக்குப் போட்டு, வந்த விடையை அப்படியே அல்சூரில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வந்தேன்: 2305843009213690000. மாடிவீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "அங்கிள், இது பத்தால வகுபடுமே!" என்றான். மகள் முகம் சுருங்கிவிட்டது. செல்லை அகலமாக்கிப் பார்த்தேன், ஃபார்மேட்டை மாற்றினேன். அந்தப் பூஜ்ஜியங்கள் அசையவில்லை.

மாட்டுங்கா மணி:
ஸ்பிரெட்ஷீட் 15 இலக்கம் வரைதான் காட்டும் சார். உங்கள் எண்ணுக்கு 19. மிச்ச இடத்தில் பூஜ்ஜியத்தைப் போட்டு நிரப்பிவிடும். 16 இலக்கக் கார்டு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாவதும் இதனால்தான். சரியான எண் 2305843009213693951. செல்லை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடியுங்கள், நிற்கும்.

முருகேஷ்பாளையா அப்பா:
நின்றது, நன்றி! ஆனால் இது பகா எண்தான் என்று அவள் எப்படிக் காட்டுவது? 61 பகா எண், அதனால் இதுவும் பகா எண் என்று சொன்னால் போதுமா?

கணக்கு டீச்சர் (ரிட்டையர்டு):
போதாது தம்பி. 11 பகா எண்தான், ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89. அந்த 23, 89 இரண்டையும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1 வரும். அதே மாதிரி உங்கள் எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 122-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படி வடிகட்டினாலும் சோதிக்க 1.2 கோடிக்கு மேல் எண்கள் மிஞ்சும்.

லூக்கா–லெமர் சோதனை சுலபம். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கத்தில் 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள்; கடைசியில் 0 வந்தால் பகா எண். 2^5 − 1 = 31-க்குக் கையாலேயே போடலாம்: 4, அப்புறம் 14. அடுத்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 62, மீதி 0. மூன்றே படி, 31 பகா எண். உங்கள் 2^61 − 1-க்கு 59 படி. கடைசியில் 0 வரும். உங்கள் எண்ணை 1883-இல் கணினி இல்லாமலே பகா எண் என்று நிறுவியவர் இவான் பெர்வுஷின், ரஷ்யாவில் ஒரு பாதிரியார்!

மாட்டுங்கா மணி:
59 படியையும் ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுவிடாதீர்கள் சார், வர்க்கம் 37 இலக்கம் வரை போகும். பைத்தான் என்ற நிரல் மொழியில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு கிடையாது.

முருகேஷ்பாளையா அப்பா:
பைத்தானில் போட்டோம், 59-ஆம் படியில் 0. மகள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். சார்ட்டில் நான்கு பூஜ்ஜியத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி 3951 எழுதியாயிற்று. தாளின் வெள்ளை கொஞ்சம் வேறாகத் தெரிகிறது. பக்கத்தில் 31-இன் மூன்று படியையும் எழுதப்போகிறாளாம், மாடிவீட்டுப் பையனுக்காக.