ஸ்கவுட் யூனிட்டுக்கு உதவிக்கு வர்ற பெரியவங்களை எப்படிப் பழக்கறது?

வேலந்தாவளம் ரோடு:

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஸ்கூல்ல ஸ்கவுட் யூனிட் பாத்துக்கறேன். நான் வாத்தியார் இல்லீங்க, பம்ப்செட் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். ஸ்கவுட் மாஸ்டருக்கான 7 நாள் பேசிக் கோர்ஸ் முடிச்சு ரெண்டு வருசமாச்சு. 22 பசங்க, மூணு பேட்ரோல், அதாவது ஏழெட்டுப் பேர் கொண்ட குழு. ஒத்தையாளா முடியலைன்னு ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டேன். ஒருத்தர் ஆட்டோ ஓட்டறவரு, இன்னொருத்தங்க ஒரு பையனோட அம்மா. ரெண்டு பேரும் தங்கமான ஆளுங்க. அதுதான் பிரச்சனையே.

ஆடியில கிரவுண்டுலயே ஒரு ராத்திரி கேம்ப் போட்டோம். நான் அரிசி வாங்கிட்டு வர்றதுக்குள்ள அண்ணன் மூணு டென்டையும் தனியா அடிச்சு முடிச்சிட்டாரு. அக்கா அடுப்பைப் பத்தவச்சு சாம்பாரைக் கொதிக்க விட்டாச்சு. பசங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்கறாங்க. நம்மூர் காத்து தெரியுமுல்ல, கணவாய்க்குள்ள பூந்து ஆடியில என்ன வாங்கு வாங்கும்னு. ராத்திரி 11 மணிக்கு ஒரு டென்ட் முளையைப் பிடுங்கிட்டுச் சாஞ்சிருச்சு. உள்ள படுத்திருந்த ஏழு பேருல ஒருத்தனுக்கும் கயித்தை எப்படிக் கட்டறதுன்னு தெரியலை. பேட்ரோல் லீடர் ஓடி வந்து என்கிட்ட கேக்கறான், "ஆட்டோ மாமா எங்கீங்க?"

ரெண்டு பேரையும் பேசிக் கோர்ஸுக்கு அனுப்பத்தான் போறேன். அதுக்கு இன்னும் மாசம் கெடக்குது. அதுவரைக்கும் என்ன பண்றது? "கை வெக்காதீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அண்ணன் மனசு சுண்டிப் போயிரும். சம்பளமா குடுக்கறோம்? வர்ற பெட்ரோல் செலவே அவரோடதுதான்.

புளியரை விசில்:

தம்பி, சிரிச்சிட்டேன். நானும் அந்த ஆட்டோக்காரர்தான் ஒரு காலத்துல. ரிட்டயர்ட் பி.டி. வாத்தியார். ஸ்கவுட் மாஸ்டர் பயிற்சியெல்லாம் முடிச்சா குடுக்குற வுட் பேட்ஜ், அதான் கழுத்துல போடுற அந்த ரெண்டு மர மணி, அதை வாங்குறதுக்கு முன்னால நான் போட்ட ஆட்டம் கொஞ்சமில்ல.

பேசிக் கோர்ஸ்ல எங்களை என்ன செஞ்சாங்கன்னு உங்களுக்கே நினைவிருக்கும். நரைச்ச தலையெல்லாம் அரை டவுசர் போட்டு, எட்டெட்டு பேரா பேட்ரோல் பிரிச்சு விட்டாங்க. எங்களுக்கு லீடர் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன். ரெண்டாம் நாள் சோறு அடிப்பிடிச்சு ஊரெல்லாம் நாறுது. டிரெய்னர் பத்தடி தள்ளி நிக்காரு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. ஒரு வார்த்தை பேசல. அந்தக் கருகின சோத்தையே தின்னோம். ராத்திரி மட்டும் ஒரே கேள்வி: "விறகு யார் பொறுப்புல இருந்துச்சு?" எட்டுப் பேரும் முழிச்சோம். மறுநாள் சோறு பதமா வந்துச்சு. 1919-ல லண்டன் பக்கம் கில்வெல் பார்க்ல பிரான்சிஸ் கிட்னி நடத்துன மொத வுட் பேட்ஜ் கோர்ஸ்லயும் வந்தவங்களைப் பேட்ரோலாப் பிரிச்சுத்தான் பழக்குனாரு. பெரியவனைச் சின்னப்பயலா ஆக்குறதுதான் அந்தப் பயிற்சியே, முடிச்சு கிடிச்செல்லாம் அப்புறம்.

அதனால நீங்க அவங்களுக்குப் பாடம் எடுக்காதிய. ஒரு சனிக்கிழமை மூணு பேட்ரோல் லீடரையும் கூப்பிட்டு, "இவங்க ரெண்டு பேருக்கும் கிளவ் ஹிட்ச் முடிச்சு சொல்லிக் குடுங்கடே"ன்னு விடுங்க. பயலுவளுக்குத் தெரியலன்னா அவனுவளே படிச்சிட்டு வருவானுவ. டென்ட் அடிக்கிற நேரம் வந்தா ஆட்டோக்காரருக்குச் சூடா ஒரு டம்ளர் டீ குடுத்து உக்கார வைங்க. விளிம்பு வரைக்கும் ஊத்தணும், ரெண்டு கையும் அதுலயே இருக்கட்டும்.

இன்னொண்ணு. முளையை நேரா அடிச்சிருப்பாரு, பந்தயம் கட்டுதேன். டென்டுக்கு எதிர்ப்பக்கமா தலை சாய்ஞ்சு நிக்கணும், அப்பத்தான் காத்து இழுக்க இழுக்க இறுகும்.

மறையூர் கேப்டன்:

விசில் சார் சொல்றது சரிதான், ஆனா ஒண்ணு. சோறு கருகலாம், டென்ட் சாயலாம். தண்ணியும் நெருப்பும் அப்படி விடற விஷயம் இல்லை. எங்க ஊர் ஆறு பாம்பாத்துல இறங்கறதா வேண்டாமான்னு பேட்ரோல் லீடரை நான் கேக்கறதே இல்லை. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறதுக்கும் வித்தியாசம் உண்டு, அதை அந்த ரெண்டு பேருக்கும் மொத நாளே சொல்லிடுங்க. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாதுங்கறதையும் சேர்த்து.

அந்த அம்மா பின்னாடி பொம்பளப் பிள்ளைங்களைப் பாத்துக்கப் போறாங்கன்னா ஸ்கவுட் மாஸ்டர் கோர்ஸ் இல்லை, கைடு கேப்டன் கோர்ஸ். அது தனி. மலையாளம் எழுத வராதுன்னு தயங்கினா கோர்ஸ் நோட்டைத் தமிழ்ல எழுதலாமான்னு போறதுக்கு முன்னாடியே கேட்டுக்கச் சொல்லுங்க. நான் அப்படித்தான் எழுதினேன், வாங்கிக்கிட்டாங்க.

பெத்தவங்க மீட்டிங்கும் ஒண்ணு போடுங்க. பாதிப் பேரு ராஜ்ய புரஸ்கார்ங்கற மாநில ஸ்கவுட் விருது வாங்கினா எஸ்.எஸ்.எல்.சி.க்கு கிரேஸ் மார்க்குன்னுதான் அனுப்பறாங்க. பசங்க வேலையைப் பெரியவங்களே செஞ்சு முடிக்கற அவசரம் அங்கிருந்துதான் வருது.

வேலந்தாவளம் ரோடு:

போன சனிக்கிழமை பண்ணிப் பாத்தேனுங்க. டீ ஆடை கட்டிப் போச்சு, அண்ணன் எந்திரிக்கலை. நடுவுல ரெண்டு தடவை "டேய், அந்தக் கயிறு..."ன்னு ஆரம்பிச்சு அவரே நிறுத்திக்கிட்டாரு. டென்ட் நிக்க 50 நிமிசம் ஆச்சு, ஒரு பக்கம் கோணல்.

விசில் சார், பந்தயத்துல ஜெயிச்சிட்டீங்க. நேராத்தான் அடிச்சிருந்தாராம். அதைக் கண்டுபிடிச்சு அவர்கிட்டயே சொன்னது ஏழாங்கிளாஸ் பையன்.