பாடம் வாசிக்கும்போதே சொல்வளத்தை வளர்ப்பது எப்படி?

கரும்பலகை:
வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். செய்யுளின் கீழ் வரும் ‘சொல்லும் பொருளும்’ பகுதியைப் பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். தேர்விலும் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதே சொல் வேறோர் இடத்தில் வந்தால் பொருள் தெரியாமல் விழிக்கிறார்கள். தம் கட்டுரையில் அதை எடுத்தாள்வதும் இல்லை. ஆகவே உரைநடைப் பாடங்களை வகுப்பில் வாசிக்கும்போதே சொற்களைக் கற்பிக்க விரும்புகிறேன். எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது? வாசிப்பை எங்கே நிறுத்துவது? வரிக்கு வரி நின்றால் கதையின் சுவையே கெட்டுவிடுகிறது.

திண்ணைப்பள்ளி:
ஒரு பாடத்துக்கு ஐந்தாறு சொற்களே போதும், ஐயா. அமெரிக்காவில் இசபெல் பெக்கும் உடன் ஆய்ந்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடப் பேச்சுச் சொற்கள், எல்லாப் பாடங்களின் எழுத்திலும் வரும் பொதுச் சொற்கள், துறைக்கே உரிய சொற்கள். நம் உழைப்பு நடு அடுக்குக்கே செல்ல வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தயங்கு, வற்புறுத்து, புறக்கணி, விளைவு, ஒப்பிடு போன்றவை அத்தகையவை. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கையில், இந்த அடுக்கு நம் பிள்ளைகளுக்கு இன்னும் பெரியது என்றே நினைக்கிறேன். செய்யுளின் அருஞ்சொற்களுக்காவது பட்டியல் உண்டு. சமூக அறிவியல் வினாத்தாளில்கூட வரும் இச்சொற்களைத் தனியே எடுத்துச் சொல்வார் இல்லை.

மதுரை ஆசிரியை:
முதல் வாசிப்பில் நிறுத்தாதீர்கள். கதை புரியாமல் போகும் இடத்தில் மட்டும் எளிய சொல் ஒன்றைக் கூறிவிட்டு மேலே செல்லுங்கள். கதை முழுவதும் மனத்தில் பதிந்த பிறகு தேர்ந்த சொற்களுக்குத் திரும்பலாம். ‘அவன் கிணற்றில் இறங்கத் தயங்கினான்’ என்னும் வரியை எடுத்துக்கொண்டு, ‘பயந்தவன் தயங்குவானா? பயமே இல்லாதவனும் தயங்கக்கூடுமா? நீ எப்போது தயங்கினாய்?’ என்று கேட்கிறேன். விருந்தாளி நீட்டிய பலகாரத்தை வாங்கத் தயங்கியதை ஒரு பிள்ளை சொன்னதும், அதில் பயம் இல்லை, கூச்சமே இருந்தது என்று வகுப்பே கண்டுகொண்டது. அகராதிப் பொருளை அதன் பிறகே எழுதிப்போடுகிறேன். தயக்கம், தயங்கித் தயங்கி, தயங்காமல் எனக் கிளைச் சொற்களையும் உடனே சேர்த்துவிடுவேன். ஒரே உழைப்பில் நான்கு சொற்கள் கிடைக்கின்றன.

ஏட்டுச்சுவடி:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ‘இடம் நோக்கிப் பொருளை ஊகித்துக்கொள்’ என்று மாணவரிடம் விட்டுவிடுவது போதாது. ‘அவள் தயங்கியபடியே பரிசைப் பெற்றுக்கொண்டாள்’ என்ற வரியை மட்டும் படிக்கும் பிள்ளை, ‘மகிழ்ந்தபடியே’ என்று ஊகித்தால் அதில் வியப்பில்லை. ஒரே ஒரு முறை கண்ணில் பட்ட புதுச் சொல் மனத்தில் தங்கும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதை வில்லியம் நேகி முதலானோர் 1980களிலேயே ஆய்ந்து காட்டினர். ஆகவே ஊகிக்கச் சொல்லுங்கள், ஆனால் அந்த ஊகத்தை வகுப்பிலேயே சரிபாருங்கள். சில நாள் இடைவெளி விட்டு அதே சொல்லை மீண்டும் கொண்டுவாருங்கள்.

கரும்பலகை:
மிக்க நன்றி. மீண்டும் கொண்டுவருவதற்குத் தனிப் பாடவேளை ஒதுக்க இயலாதே, என்ன செய்வது?

மதுரை ஆசிரியை:
தனி வேளை தேவையில்லை. கற்பித்த சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பள்ளிக்கு வரும் ‘தேன்சிட்டு’ இதழை வாசிக்கையில் அவற்றுள் ஒன்றைக் கண்டவர் அந்த வரியை உரக்கப் படிக்கட்டும். கதையைத் திரும்பச் சொல்லும்போதும் இரண்டு சொற்களையாவது பயன்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.