பூட்ஸ்ட்ராப்: 'காலணிவார்' வேண்டாம், 'தன்னேற்றம்' ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி, புள்ளியியல், தொழில் ஆகிய துறைகளில் வெவ்வேறு பொருளில் வழங்கும் பூட்ஸ்ட்ராப்பிங் (bootstrapping) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்மொழியப்பட்ட 'காலணிவார் முறை' எனக்கு உடன்பாடில்லை. அதில் உருவம் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. உயரமான பூட்ஸின் வாய்ப்பகுதியில், காலை நுழைத்து மேலே இழுப்பதற்காகத் தைத்திருக்கும் வளையமே பூட்ஸ்ட்ராப். அதைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் சொன்னபோது, நடக்கவே நடக்காத காரியம் என்ற கேலிதான் அதில் இருந்தது. பிறர் தயவின்றி முன்னுக்கு வருவது என்ற பாராட்டுப் பொருள் பிற்பாடு ஏறியது.

கணினித் துறையினர் 1950களில் இத்தொடரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தப் பழைய முரண்தான். ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த இன்னொன்றை யார் ஏற்றுவது? மிகச் சிறிய நிரல் ஒன்று முதலில் வந்து தன்னைவிடப் பெரியதை ஏற்ற, அது அதற்கடுத்ததை ஏற்றும். பயாஸ் (BIOS) என்ற தொடக்க நிரலைக் கொண்ட பழைய கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டுகள் மட்டுமே முதலில் படிக்கப்படும். அதிலும் 446 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டிய நிரல்தான் முழு இயங்குதளத்தையும் அழைத்துவரும் வேலையைத் தொடங்கிவைக்கிறது.

எனவே 'தன்னேற்றம்' என்பதை முன்வைக்கிறேன். ஏற்றுதல் என்ற வினை உயர்த்துவதையும் சுமையேற்றுவதையும் ஒருங்கே குறிப்பதால், மரபுத்தொடரின் தூக்கலும் கணினியின் லோடிங்கும் ஒரே சொல்லில் அமைந்துவிடுகின்றன. ஆங்கிலத்துக்கே கிட்டாத வசதி இது. இப்படி இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரைத் 'தன்னேற்றி' எனலாம். 'பூட்' என்ற ஆங்கிலச் சுருக்கத்தையே வைத்துக்கொள்வோம் என்பவர்கள் 'கணினி பூட்டப்படுகிறது' என்று ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். படிப்பவர் சாவியைத் தேடுவார்.

புள்ளியியலுக்கு இச்சொல் ஆகாது. 1979இல் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் அறிமுகப்படுத்திய பூட்ஸ்ட்ராப் முறையில், கையிலுள்ள கூறிலிருந்தே (sample), எடுத்ததைத் திரும்ப வைத்து மீண்டும் மீண்டும் எடுத்து, மதிப்பீட்டின் பிழையை அளக்கிறார்கள். அங்கே ஏற்றப்படுவது எதுவுமில்லை, 'தன்கூறெடுப்பு' பொருந்தும். வெளி முதலீடின்றித் தொழில் நடத்துவதற்கோ கலைச்சொல்லே தேவையில்லை, சொந்தக் காலில் நிற்பது என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு இடறுவது, கணினியை மீண்டும் தொடங்கவைப்பதைக் குறிக்கும் ரீபூட் மட்டுமே. 'மறுதன்னேற்றம்' நாக்கில் புரளவில்லை. 'மீளேற்றம்' என்றால் ரீலோடுடன் குழம்பும். இதற்கு வழி தோன்றுபவர்கள் எழுதுங்கள்.