மிட்வைஃப் பார்த்தால் போதுமா, டாக்டர் பார்க்க வேண்டாமா?

குரோய்டன் அம்மா:
முந்தாநாள் பையன் பிறந்தான். இன்று காலை மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) வந்து உச்சி முதல் பாதம் வரை பார்த்தார், கண்ணில் லைட் அடித்தார், வாய்க்குள் விரல் விட்டு அண்ணத்தைத் தடவினார், அப்புறம் இரண்டு காலையும் மடக்கி விரித்ததில் பையன் வீல் என்று கத்திவிட்டான். எல்லாம் சரி, வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ஊரிலிருந்து மாமியார் "குழந்தை டாக்டர் பார்க்காமல் எப்படி அனுப்புவார்கள்?" என்று போன் மேல் போன். முதுகுக்குக் கீழே நீலமாக ஒரு திட்டு வேறு இருக்கிறது.

லேபர் வார்டு அக்கா:
வாழ்த்துகள்மா. இங்கே இங்கிலாந்தில் இதற்கென்று தனிப் பயிற்சி முடித்த மிட்வைஃப் பார்ப்பது வழக்கம்தான், சந்தேகம் வந்தால்தான் டாக்டரிடம் போகும். பிறந்த 72 மணி நேரத்துக்குள் கண், இதயம், இடுப்பு மூட்டு, பையன் என்றால் விதை இறங்கியிருக்கிறதா என்று முக்கியமாகப் பார்ப்பார்கள். காலை மடக்கியது தொடை எலும்பு குழியிலிருந்து நழுவுகிறதா என்று பார்க்கத்தான், நழுவினால் கைக்கே தெரியும். கண்ணில் லைட் அடித்தால் கண்மணி சிவப்பாக மின்ன வேண்டும், நம் குழந்தைகளுக்குக் கொஞ்சம் வெளிறித் தெரியலாம், ஆனால் வெள்ளையாகத் தெரிந்தால் புரையோ கட்டியோ இருக்கலாம் என்று உடனே கண் டாக்டரிடம் அனுப்புவார்கள். தொடை இடுக்கிலும் விரல் வைப்பார்கள், அது நாடி பார்க்க. 6 முதல் 8 வாரத்தில் ஜிபி (குடும்ப டாக்டர்) மறுபடி பார்ப்பார், அதை மட்டும் விட்டுவிடாதே, சில இதயக் கோளாறு முதல் இரண்டு மூன்று நாளில் பிடிபடாது.

ஹரோ அப்பா:
அந்த நீலத் திட்டு எங்கள் மகளுக்கும் இருந்தது, தானாக மங்கிப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரெட் புக்கில் (குழந்தையின் உடல்நலப் பதிவேடு) கட்டாயம் எழுதச் சொல்லுங்கோ. பிறகு நர்சரியிலோ ஜிபியிடமோ யாராவது அதைப் பார்த்து அடிபட்ட காயம் என்று நினைத்தால் தேவையில்லாத விசாரணை வரும்.

குரோய்டன் அம்மா:
நன்றி அண்ணா, எழுதச் சொல்கிறேன். அக்கா, இன்னொன்று. வயிற்றில் 37 வாரம் வரை பிரீச்சாக (தலை மேலே) இருந்தான், பிறகுதான் தலை திரும்பியது. அதனால் ஏதாவது உண்டா?

லேபர் வார்டு அக்கா:
உண்டு. 36 வாரத்துக்குப் பிறகு பிரீச்சாக இருந்திருந்தால், பிறக்கும்போது தலை கீழே வந்திருந்தாலும், கையால் பார்த்ததில் மூட்டு சரியாக இருந்தாலும், இடுப்புக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறந்து 4 முதல் 6 வாரத்துக்குள் எடுப்பார்கள். கிளம்பும் முன் மிட்வைஃபிடம் சொல்லி, ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்.