ஃப்ரீவேயில் ஓட்ட ஏற்ற பெரிய ஸ்கூட்டர்: உங்கள் அனுபவம் என்ன?

ஃப்ரீமாண்ட்_வாசி:
போன வாரம் ஸ்கூட்டர் பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். அந்த விற்பனையாளர் வண்டியின் பக்கவாட்டில் இருந்த 150 என்ற எழுத்தை விரலால் தட்டி, "தாராளமாக ஃப்ரீவேயில் போகலாம்" என்று சொன்னது இன்னும் மனதை உறுத்துகிறது. வண்டி ஹோண்டா ஏடிவி 150, செகண்ட் ஹேண்ட். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு விதி தெரிந்திருக்கும். 150 சிசிக்குக் குறைந்தால் அது மோட்டார் டிரிவன் சைக்கிள். ராம்ப்பில் நுழையும்போதே நடப்பவர்கள், சைக்கிள், மோட்டார் டிரிவன் சைக்கிள் வரக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். ஏடிவியின் பெயரில்தான் 150. எஞ்சின் 149 சிசி.

ஹேண்டிலில் தொங்கிய விவரத் தாளில் பொடி எழுத்தில் 149 என்றே போட்டிருந்தது. அதைக் காட்டினேன். "ஒரு சிசிதானே, போலீஸ் எஞ்சினைப் பிரித்தா பார்க்கப் போகிறது?" என்றார். போலீஸ் பார்க்காமல் போகலாம். ஆனால் 880 ஃப்ரீவேயில் ஒரு விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் ஆள் வந்தால் அந்தத் தாளைத்தானே முதலில் எடுப்பார்? பக்கத்தில் நம்மூர் மாணவர் ஒருவர் அதே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பின்னால் வந்த ஏடிவி 160-ல் இந்தச் சிக்கல் இல்லை, அது 157 சிசி. பழைய 150-தான் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. தினமும் ஃப்ரீவேயில் போகிறவர்கள் என்ன ஓட்டுகிறீர்கள்?

பாலத்துக்_காற்று:
நான் வைத்திருந்தது 157 சிசி. சட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் சான் மட்டேயோ பாலத்தில் ஒரு நாள் சாயங்காலம் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பாலம் ஏழு மைல் நீளம். பாதி தூரம் போயிருப்பேன், எதிர்க்காற்று கிளம்பிவிட்டது. ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கிப் பிடித்திருக்கிறேன், மீட்டர் 62 மைலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கண்ணாடியில் ஒரு கண்டெய்னர் லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. அது இடதுபக்கம் என்னைத் தாண்டும்போது முதலில் காற்று வெளிப்பக்கம் தள்ளியது, வால் கடந்ததும் அதன் பக்கமே இழுத்தது. வேகம் கூட்டி விலகலாம் என்றால் முறுக்க மிச்சமே இல்லை. அந்த மணிக்கட்டு வலி இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த மாதமே விற்றுவிட்டேன்.

150 சிசி என்பது சட்டப் புத்தகத்துக்கான கணக்கு. லாரிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 300-க்குக் கீழே வாங்காதீர்கள்.

கோவை_டு_சாக்ரமெண்டோ:
மேலே நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. 160 வண்டியில் நானும் ஃப்ரீவேயில் போகிறேன், இரண்டு எக்ஸிட் தூரம், வலது ஓர லேனில். ஒரு பயமும் இல்லை. அவ்வளவு தூரமே போகிறவரிடம் 300-க்குக் கீழே தொடாதே என்றால் அவர் ஸ்கூட்டர் ஆசையையே விட்டுவிடுவார். தினமும் பாலம் ஏறுகிறவருக்கும் காய்கறிக் கடைக்குப் போகிறவருக்கும் ஒரே அளவா?

என்னைப் பயமுறுத்தியது வேறு. முதல் முறை ஃப்ரீவேயில் ஏறியபோது கைப்பிடி தானாக இடமும் வலமும் நெளிந்தது. டயர் பஞ்சர் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மழைத்தண்ணீர் வடிய காங்கிரீட்டில் நீளவாக்கில் கோடு கோடாகக் கீறி வைத்திருக்கிறார்கள், சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். அந்தக் கீறலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் அதிகமாகும். முழங்கையைத் தளர்த்தி விடுங்கள், வண்டி தானாக நேராகிவிடும். லைசென்ஸில் எம்1 என்ற மோட்டார்சைக்கிள் பிரிவு வேண்டும், கார் லைசென்ஸ் போதாது. 21 வயதுக்குக் கீழே என்றால் மோட்டார்சைக்கிள் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு கட்டாயம். மேலே என்றாலும் போய்விடுங்கள், அந்தச் சான்றிதழ் இருந்தால் லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலகத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டாம். பல பேர் சேர்ந்து வரும் கார்களுக்கென்று ஒதுக்கிய கார்பூல் லேனில் தனி ஆளாகவே போகலாம். கார்களுக்கு நடுவே புகுந்து போவதும் இங்கே சட்டப்படி சரி, 2017-லிருந்து சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் பெரிய ஸ்கூட்டரின் பின்பக்கம் அகலம், கண்ணாடியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். எடையையும் பாருங்கள். யமஹா எக்ஸ்மேக்ஸ் 292 சிசி, எடை 180 கிலோ அளவில் இருக்கும். சுசுகி பர்க்மேன் 400 இருநூறைத் தாண்டும். பர்க்மேன் 650 கிட்டத்தட்ட 275 கிலோ எடை, ஃப்ரீவேயில் மகாராஜா, சரிவான பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளும்போது முதுகு சொல்லும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பாருங்கள். குறைந்திருந்தால் இந்த நெளியல் இன்னும் கூடும்.

பாலத்துக்_காற்று:
கோவை அண்ணே, இரண்டு எக்ஸிட் போவதற்குப் பக்கத்துச் சாலையே போதுமே, ஃப்ரீவே எதற்கு? அவர் தினமும் ஃப்ரீவேயில் போகிறவர்களைத்தான் கேட்டார். கைப்பிடியைத் தளர்வாகப் பிடிப்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆபத்தில் தப்பிக்கக் கொஞ்சம் வேகம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

யோகோஹாமா_ராஜி:
ஜப்பானில் கோடு 125 சிசியில். அதைத் தாண்டினால்தான் எக்ஸ்பிரஸ்வே.

எனக்கு முன்னால் ஒருவர் 125 சிசி வண்டியில் சுங்கச்சாவடிக்கு வந்துவிட்டார். போன் காட்டிய வழியை நம்பி வந்தவர் போலிருக்கிறது. ஊழியர் 125 சிசி வண்டிக்குரிய பிங்க் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கூண்டுக்குள்ளிருந்து ஓடி வந்து இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து நின்றார். திட்டவே இல்லை. பின்னால் நின்ற எங்கள் எல்லோருக்கும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, எங்களை நிறுத்தி வைத்து, அவரை ஓரமாகத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதரின் காது சிவந்து போயிருந்தது. பாவம்.

இங்கே பெரிய ஸ்கூட்டர் என்றால் பலரும் 250 சிசி வாங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 250 வரை ஷாகென் என்ற வாகனச் சோதனை கிடையாது. அதற்கு மேலே போனால் அந்தச் செலவு வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்து எக்ஸ்பிரஸ்வேயில் போக ஓட்டுபவருக்கு 20 வயதும், லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமும் ஆகியிருக்க வேண்டும். 2005 வரை பின்னால் ஆள் ஏற்றவே முடியாது. டோக்கியோ நகர எக்ஸ்பிரஸ்வேயான ஷுட்டோவின் நடுப்பகுதிச் சாலைகளில் இன்றைக்கும் முடியாது. டோக்கியோ வளைகுடாவைக் கடக்கும் அக்வாலைன் பாலத்தில் காற்றடித்தால் 250-ம் ஆடத்தான் செய்கிறது, பாலத்துக்_காற்று சொல்வது எனக்குப் புரிகிறது.

மண்டியா_வழி:
உங்களுக்காவது 150, 125 என்று ஒரு கோடு இருக்கிறது. பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனமே கூடாது. பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி வைத்திருந்தாலும் சர்வீஸ் ரோடுதான். தடை வந்த புதிதில் நுழைவிடத்தில் என்னை நிறுத்திய காவலர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி ஆசையாகப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டி சார், ஆனால் கீழே போங்க" என்றார். கீழே எதிர்த்திசையில் டிராக்டர் வருகிறது. எது பாதுகாப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஃப்ரீமாண்ட்_வாசி:
எல்லோருக்கும் நன்றி. நான் போக வேண்டியது டம்பார்ட்டன் பாலம் வழியாக, தினமும். அதனால் பாலத்துக்_காற்று பக்கம்தான் சாய்கிறேன். கோவை அண்ணன் சொன்ன எடைக் கணக்கும் உபயோகமாக இருந்தது, 650 ஆசையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை ஒரு பழைய பர்க்மேன் 400 பார்க்கப் போகிறேன். ராஜி அக்கா, பழைய வண்டியில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

யோகோஹாமா_ராஜி:
எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் பெல்ட். மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எத்தனை மைலில் மாற்றினார்கள் என்று தாளில் இருக்க வேண்டும். ஃப்ரீவே வேகத்தில் அது அறுந்தால் வண்டி உறுமும், ஆனால் நகராது. ரசீது இல்லை என்றால் புது பெல்ட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே வண்டி சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.